வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு: சமவெளியில் அறிய வேண்டுவன

வீட்டின் பின்புறத்தில் ஒரு சென்ட் நிலமும் சிறிது நீர் வசதியும் உள்ள குடும்பம், தனக்கு வேண்டிய காய்கறிகளில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொள்ள இயலும். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும் பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களின் கிராமங்களில் புழக்கடைத் தோட்டத்திற்கு இடமுள்ள வீடுகள் இன்றும் உண்டு. கத்தரி, வெண்டை, அவரை, கீரை ஆகியவை அங்கு நன்கு விளைகின்றன. நாள்தோறும் சமையலுக்கு வேண்டிய உருளைக்கிழங்கையும் நாமே ஏன் பயிரிடக்கூடாது என்ற கேள்வி எழுவது இயல்பே.

முளைவிட்ட கிழங்கை மண்ணில் புதைத்தால் இங்கும் செடி வளரும், இலையும் செழிக்கும். ஆனால் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கோலிக்குண்டு அளவுள்ள கிழங்குகளே கிடைக்கும். இதற்குக் காரணம் எருக் குறைவன்று. காரணத்தை அறிந்துகொண்ட பின்னரே பணத்தையும் உழைப்பையும் செலவிடுதல் நலம்.

கிழங்கு பிடிக்காதது ஏன்?

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். நம் மாநிலத்தில், கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அது நீலகிரியில் பயிராகத் தொடங்கியது. இதனால் உருளைக்கிழங்குக்கு மலை தேவையெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குத் தேவை குளிர்ந்த இரவேயாகும். இந்தியாவில் விளையும் உருளைக்கிழங்கில் மிகப் பெரும்பங்கு கங்கைச் சமவெளியில், குளிர்காலத்தில் விளைவதே இதற்குச் சான்று.

இலைகள் பகலில் தயாரிக்கும் மாவுச்சத்து மண்ணுக்குள் சென்று கிழங்காகச் சேர வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் இது நன்கு நடைபெறும். அதற்கு மேற்பட்டால் கிழங்கு பிடிப்பது குறையும். 25 பாகையைத் தாண்டினால் ஏறக்குறைய நின்றே போகும். செடி தன் சத்தைத் தண்டிலும் இலையிலும் செலவிட்டுவிடும். சென்னைப் பகுதியில் ஜனவரி மாதத்து இரவு வெப்பம் சராசரியாக 20, 21 பாகை அளவில் உள்ளது. மார்ச்சு மாதத்தில் 23-க்கு மேல் ஏறிவிடுகிறது. ஆகவே இங்கு உருளைக்கிழங்குக்கு ஏற்ற காலம் ஆண்டில் சில வாரங்களே. அக்காலத்திலும் சீதோஷ்ண நிலை எல்லையில்தான் நிற்கிறது.

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-இல் பாட்னாவில் தோன்றி, 1956-இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. வெப்பத்தை ஓரளவு தாங்கும் ‘குஃப்ரி சூர்யா’ என்னும் இரகத்தை அது 2006-இல் வெளியிட்டது. அதன் தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு.

சோதனையாகப் பயிரிடும் முறை

எனவே நம் பகுதியில் உருளைக்கிழங்கை ஒரே ஒரு பாத்தியில் சோதனையாகப் பயிரிடுவதே அறிவுடைமை. நட்ட ஒரு மாதத்திற்குப் பின் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அந்த நாட்கள் ஜனவரியில் அமையுமாறு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நட வேண்டும். 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே பெருவெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. நீர் தேங்கினால் விதைக்கிழங்கு அழுகிவிடும். ஆகையால் மேட்டுப்பாங்கான, நல்ல வெயில் படும் இடத்தைத் தேர்ந்து, வடிகால் எடுத்த பின்னரே நடுதல் வேண்டும். சாக்கிலும் தொட்டியிலும் உள்ள மண் விரைவில் சூடேறுமாதலால் தரையே சிறந்தது.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை உருளைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தாக்கும் வாடல் நோய் இதையும் தாக்கும். முந்தைய போகத்தில் அவை நின்ற பாத்தியைத் தவிர்த்து, கீரையோ அவரையோ நின்ற பாத்தியைக் கொள்க.

பத்து அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள பாத்தியில், இரண்டு அடிக்கு ஒன்றாக ஐந்து பார்கள் அமைக்கலாம். பாரில் எட்டு அங்குலத்திற்கு ஒரு கிழங்கு நட்டால் மொத்தம் 75 கிழங்குகள் பிடிக்கும். கிழங்கு ஒன்று 40 கிராம் எனக் கொண்டால் மூன்று கிலோ விதை போதும். இச்சூட்டில் அறுத்த துண்டுகள் எளிதில் அழுகுமாதலால் முழுக் கிழங்கையே நடுக. வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் பரப்பி வைத்து, குட்டையான தடித்த முளை வந்த பின்னர், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் நட வேண்டும்.

மண் ஒட்டியுள்ள கிழங்கை விதையாகக் கொள்ளலாகாது. நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு மண்ணோடும் கிழங்கோடும் பரவுவது. அதன் பொருட்டே தமிழ்நாட்டு விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்வது 1971-இல் தடை செய்யப்பட்டது. அந்த நூற்புழு தக்காளியையும் கத்தரியையும்கூடத் தாக்கவல்லது என்பதை நினைவிற் கொள்க.

நன்கு மக்கிய தொழு உரம் இடுக. தழைச்சத்து மிகுந்தால் இலையே பெருகும். நட்டவுடன் வைக்கோலைப் பரப்பினால் மண்ணின் சூடு தணியும், ஈரமும் காக்கப்படும். நீரை அளவாகப் பாய்ச்சுக. முப்பதாம் நாளிலும் பின்னர் இரு வாரம் கழித்தும் மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமான கிழங்கில் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும், அதை உண்ணலாகாது. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ இலைகள் மஞ்சளாகும். அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே நீர் பாய்ச்சுவதை நிறுத்துக.

கணக்குப் பார்க்க வேண்டும்

நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 25 டன். அக்கணக்கில் மேற்சொன்ன பாத்தியில் 23 கிலோ கிடைக்க வேண்டும். நம் பகுதியில் அதை எதிர்பார்க்க இயலாது. விதையையும் விளைவையும் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். மூன்று கிலோ விதைக்கு ஒன்பது கிலோவேனும் கிட்டாவிடில், மறு ஆண்டு அப்பாத்தியை வேறு கிழங்குக்கு விடுவதே இலாபகரமாகும்.

சமவெளிக்கு ஏற்ற கிழங்குகள்

நம் வெப்பத்தையே விரும்பும் கிழங்குகள் வேறு உள. சர்க்கரைவள்ளிக்கு விதைக்கிழங்கும் தேவையில்லை. ஒரு சாண் நீளமுள்ள கொடித்துண்டுகளை நட்டால் நான்கு மாதத்தில் பலன் கிட்டும். அவற்றுள் ஆரஞ்சு நிறச் சதையுள்ள இரகம் குழந்தைகளின் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்தைத் தரும். குளிக்கும் நீர் வடியும் ஈரமான இடத்தில் சேப்பங்கிழங்கு ஐந்து, ஆறு மாதத்தில் விளையும். சித்திரை வைகாசியில் நட்ட சேனை தைப்பொங்கலை ஒட்டி அறுவடைக்கு வரும். ‘கஜேந்திரா’ என்னும் இரகம் நாக்கை அரிக்காது. திருவனந்தபுரத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பயிர்களுக்கென்றே ஏற்பட்டது.

பஞ்சாயத்தின் கடமை

வீட்டுத் தோட்டத்திற்கு விதை வழங்க நினைக்கும் பஞ்சாயத்து, உருளைக்கிழங்கு விதையை வீடுதோறும் கொடுத்துவிடலாகாது. பொதுப்பணம் வீணாவதோடு, முதற்பயிரிலேயே ஏமாற்றமடைந்த குடும்பம் மண்வெட்டியை மூலையில் வைத்துவிடும். கீரைப்பாத்தியும் அதோடு போய்விடும். பள்ளித் தோட்டத்திலோ பொது இடத்திலோ ஒரு பாத்தி உருளைக்கிழங்கும், அதன் அருகே ஒரு பாத்தி சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு, இரண்டின் செலவையும் விளைவையும் ஊரார் முன்னிலையில் நிறுத்துக் காட்டலாம். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையும் கலந்து இதைச் செய்தல் நன்று. எடையைக் கண்ணாற் கண்ட பின்னர், எந்தக் கிழங்கை எத்தனை பாத்தியில் நடுவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்துகொள்ளும்.