கடற்பாலத்தில் நின்றுபோன பயணம்

பால்மரம் வெட்டும் பெற்றோரின் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்வது ஜொகூர்த் தோட்டங்களில் புதிய செய்தியன்று. பெரட்டு மணி அடிக்குமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, குடிநுழைவுச் சோதனையைக் கடந்து, வேலை முடிந்து இரவில் வீடு சேர்வது அவர்களது வழக்கம். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதை நாள்தோறும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் கடந்து வந்தனர்.

கோவிட்-19 பெருந்தொற்று அவ்வழக்கத்தை ஒரே இரவில் மாற்றியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நோய்க்கிருமி மனிதரோடு சேர்ந்தே ஊர்விட்டு ஊர் செல்கிறது. ஆதலின் மனிதரின் பயணத்தை நிறுத்துவதே அன்று கையிலிருந்த வழி. உள்நாட்டில் பொருள் வாங்கச் செல்வோருக்கும் 10 கிலோமீட்டர் எல்லை விதிக்கப்பட்டது. கடற்பாலத்தை நம்பியிருந்தவருக்கோ ஒரு நாள் அவகாசந்தான் இருந்தது. மார்ச் 17 அன்று துணிப்பையுடன் அக்கரை சென்றவர் சம்பளத்தைக் காத்துக்கொண்டார். இக்கரையில் நின்றவர் குடும்பத்தோடு இருந்தார். எது சரி என்று தீர்ப்புக் கூற நம்மால் இயலாது.

2020 ஆகஸ்டு 17 முதல் ஒரு சிறு வழி திறந்தது. குறைந்தது மூன்று மாதம் அங்கு வேலை செய்தவர், குறுகிய விடுப்பில் வீடு வந்து திரும்பலாம். பரிசோதனையும் தனிமை நாட்களும் அதனுடன் சேர்ந்தே வந்தன. அன்றாடம் அப்பாவைக் கண்ட குழந்தை, கைப்பேசித் திரையில் மட்டுமே அவரைக் கண்டது. பெற்றோரின் இறுதிச் சடங்கையும் அத்திரையிலேயே கண்டு அழுதவர்கள் உண்டு.

2021 நவம்பர் 29 முதல், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் குறிப்பிட்ட பேருந்துகளில், முன்பதிவு செய்து பயணம் செய்தனர். மோட்டார் சைக்கிளுக்கு அப்போதும் இடமில்லை. 2022 ஏப்ரல் 1, நள்ளிரவு கடந்ததும் எல்லை முழுமையாகத் திறந்தது. அந்நேரத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்பட்டன. இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் விடியும் வரை ஏன் காத்திருப்பார்கள்? எனினும், அக்கரையில் வாடகை அறை எடுத்துப் பழகிவிட்ட சிலர் வார இறுதியில் மட்டுமே வீடு வருகின்றனர்.

பாலம் மூடிக்கிடந்த காலத்திலேயே, 2020 ஜூலை 30 அன்று, இரு நாட்டுப் பிரதமர்கள் அப்பாலத்தின் நடுவே சந்தித்தனர்; ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்சையும் இணைக்கும் ரயில் திட்டத்தை உறுதி செய்தனர். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. கடக்கும் நேரம் ஐந்து நிமிடந்தான். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்து வாசலிலிருந்து புக்கிட் சாகார் வரை செல்வதற்குப் பேருந்து வேண்டும். வட்டாரப் போக்குவரத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் உங்கள் பகுதியில் நடைபெறுமாயின், இதனை முதலிற் கேளுங்கள்.