கனெக்டர் சுடுகிறதா?

குட்டீஸ்! ரிமோட் கார் ஓட்டுவீர்களா? அதன் பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கனெக்டரைக் கவனித்ததுண்டா?

பெரிய மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். கனெக்டரும் அதைத் தாங்க வேண்டும். மஞ்சள் நிற 'எக்ஸ்.டி.60' கனெக்டர் 60 ஆம்பியர் தாங்கும். ஒரு முனை சாய்வாக இருப்பதால், மாற்றிச் செருக முடியாது. துளையுள்ள பாதிதான் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரிலும் மின்சாரம் வரும் பக்கம் துளைதானே? மின்சாரமுள்ள உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து!

கழற்றும்போது ஒயரை இழுக்காதீர்கள்; பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். கனெக்டர் தளர்ந்தால் மின்தடை கூடிச் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். கறுத்திருந்தால் பெரியவர்களிடம் சொல்லி மாற்றுங்கள். பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் சேர்த்து வெட்டவே கூடாது. ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

விளையாடி முடித்ததும் கனெக்டரைக் கழற்றி வைப்பீர்கள்தானே?