அறிந்தோமா, நம்பினோமா?

நேயர்களே! காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை "எனக்குத் தெரியும்" என்ற சொல்லை நாம் எத்தனை முறை கூறுகிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். மாலையில் மழை பெய்யும் என்பது தெரியும். அடுத்த வீட்டுக்காரர் ஏன் கடன் வாங்கினார் என்பதும் தெரியும்! காப்பிக்கடை மேசையில் அமர்ந்து இப்படி ஒரு செய்தியைச் சொன்னவரிடம், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்குக் கோபம்தான் வரும். தம்மைத் தாமே ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வியை இன்னொருவர் கேட்டுவிட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அறிவு என்பது யாது? நம்பிக்கை என்பது யாது? இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் சொல் வேறுபாடுதானா? இதனை விளக்கக் கிரேக்க நாட்டுக்கோ காசி நகருக்கோ முதலிலேயே போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம் வரை போனால் போதும்.

தஞ்சோங் மாலிம் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1922ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பட்டது. அதுவே 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஊரின் ஓரமாகப் பெர்ணம் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் சிலாங்கூர். இங்கேயே ஒரு சிறு பாடம் கிடைக்கிறது. ஆற்றின் ஆழம் இத்தனை அடி என்பதும் உண்மை. ஆறுதான் மாநில எல்லை என்பதும் உண்மை. ஆனால் முன்னது மனிதர்கள் ஒருவருமே இல்லாவிட்டாலும் உண்மையாக இருக்கும். பின்னதோ மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்டதால் உண்மையானது. ஆற்று மீனுக்கு ஆழம் தெரியும், எல்லை தெரியாது. உண்மையிலேயே இப்படி வகைகள் உண்டு என்பதை மட்டும் இப்போது மனத்தில் வைத்துக்கொள்வோம்.

நாம் சொல்ல வந்த நிகழ்ச்சி வகுப்பறையில் நடந்ததன்று. மலாயாவில் அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் கம்யூனிஸ்டு கொரில்லாக்களின் தாக்குதல் மிகுந்திருந்தது. ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயை அவர்கள் அடிக்கடி உடைத்தார்கள். 1952ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அதனைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினர் வழியில் மறைந்திருந்து தாக்கப்பட்டனர். பன்னிரண்டு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் மைக்கேல் காட்னர் என்ற இளம் அதிகாரி. இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் ஜெர்மானியச் சிறைமுகாம் ஒன்றிலிருந்து, தாண்டிக் குதிக்கும் மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் இவரும் ஒருவர். அங்கே தப்பிய உயிர் இங்கே போயிற்று.

அப்போது ஹை கமிஷனராக இருந்தவர் ஜெனரல் சர் ஜெரால்ட் டெம்ப்ளர். அவர் உடனே ஊருக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கடுமையாகப் பேசினார். ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் ஊரடங்கு விதிக்கப்பட்டது. எஞ்சிய இரண்டு மணி நேரத்தில்தான் மக்கள் வெளியே வந்து உணவுப் பொருள்களை வாங்க முடியும். அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. சுமார் இரண்டு வாரம் இந்நிலை நீடித்தது. ஊர் முழுவதையும் தண்டிப்பது முறையா என்று லண்டன் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. முறையன்று என்பதே நம்முடைய எண்ணமும். எனினும் இன்றைய பேச்சு அதைப் பற்றியதன்று.

ஊரடங்கின் நடுவே வீடு வீடாகத் தாள்கள் கொடுக்கப்பட்டன. கம்யூனிஸ்டுகளைப் பற்றியும் அவர்களுக்கு உதவுவோரைப் பற்றியும் தமக்குத் தெரிந்ததை ஒவ்வொருவரும் அதில் எழுத வேண்டும். பெயரோ கையெழுத்தோ போட வேண்டியதில்லை. தாள்கள் முத்திரையிட்ட பெட்டிகளில் சேர்க்கப்பட்டுக் கோலாலம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஊர்ப் பிரதிநிதிகள் உடன் சென்று பார்த்திருக்க, டெம்ப்ளர் தம் மாளிகையில் அவற்றைத் திறந்தார். அதன்பின் சிலர் கைது செய்யப்பட்டனர்.

நேயர்களே, அந்தப் பெட்டியை நாம் திறப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எல்லாத் தாள்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றில், "இன்னார் இரவில் மூட்டையோடு காட்டுப் பக்கம் போனதை என் கண்ணால் கண்டேன்" என்றிருக்கிறது. இன்னொன்றில், "இன்னார் வீட்டில் மூன்றே பேர், ஆனால் ஆறு பேருக்கான சாமான் வாங்குகிறார்" என்றிருக்கிறது. மூன்றாவது தாள், "ஊரெல்லாம் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்" என்கிறது. நான்காவது தாளில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. எழுதியவருக்கும் அந்தப் பெயருக்குரியவருக்கும் பத்து ஆண்டுகளாக வேலித் தகராறு! இதில் எது அறிவு? எது நம்பிக்கை? எது பகை? தாளைப் பார்த்தால் தெரியாது. ஆனால் அதில் எழுதப்பட்ட பெயருக்குரிய மனிதர் நாளைக் காலை தம் வீட்டில் இருப்பாரா, தடுப்புமுகாமில் இருப்பாரா என்பது இதைப் பொறுத்தது.

இந்தத் தாள்களைப் பிரித்துப் பார்க்கும் கலையை நம் முன்னோர் 'அளவை' என்று அழைத்தனர். நெல்லை மரக்காலால் அளப்பதுபோல அறிவை அளக்கும் கருவி என்பது பொருள். மணிமேகலைக் காப்பியத்தில், சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைக் கூறும் காதையில் பத்து அளவைகள் பேசப்படுகின்றன. அதே காப்பியத்தில் அறவண அடிகள் பௌத்த முறைப்படி காண்டல், கருதல் என்ற இரண்டே போதும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பலவாறாகச் சொல்லப்படும் அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார். கண்டு அறிவது, ஊகித்து அறிவது, கேட்டு அறிவது என்று எளிமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் காண்டல். "கண்ணால் கண்டதுதானே, இதிலென்ன ஐயம்?" என்று தோன்றும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விடியுமுன் இருட்டில் தலைவிளக்கோடு நிரையில் நடக்கும்போது, காலடியில் கிடக்கும் கொடி பாம்பாகத் தோன்றும், நெஞ்சு திடுக்கிடும். சில வேளை, கொடி என்று எண்ணி மிதிக்கப்போனது உண்மையாகவே பாம்பாகவும் இருந்துவிடும். கயிற்றைப் பாம்பென்று காண்பதைத் 'திரிபு' என்றும், கயிறோ பாம்போ என்று தடுமாறுவதை 'ஐயம்' என்றும் நூலோர் பிரித்தனர். இவ்விரண்டும் நீங்கிய காட்சியே அளவையாகும். ஆகவே "கண்டேன்" என்று எழுதிய அந்த முதல் தாளையும் நாம் குறுக்குக் கேள்வி கேட்டாக வேண்டும். எத்தனை மணிக்குக் கண்டாய்? எவ்வளவு தூரத்தில்? நிலவு இருந்ததா? ஊரடங்கு வேளையில் நீ எங்கிருந்து பார்த்தாய்?

அடுத்தது கருதல். மலைச்சரிவில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு இருப்பதாக ஊகிப்பது இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டி உலர்த்தும் கட்டடமே போதிய எடுத்துக்காட்டு. இந்த ஊகம் எங்கே வழுக்கும் என்பதை எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமோத்தரர் நுட்பமாகக் காட்டினார். ஒருவர் இறைச்சி வாட்டத் தீ மூட்டுகிறார். புகை இன்னும் எழவில்லை. ஆனால் இறைச்சி வாடைக்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவன் அந்தப் பூச்சிக் கூட்டத்தைப் புகையென்று கருதி, "அங்கே நெருப்பு இருக்கிறது" என்று சொல்கிறான். நெருப்பு இருப்பது உண்மை. அவன் நம்புவதும் உண்மையையே. ஆனால் அவன் அறிந்தானா?

இல்லை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. இதே சிக்கலை மேலைநாட்டாரும் சந்தித்தனர். கிரேக்க நாட்டுப் பிளேட்டோ 'தியேட்டட்டஸ்' என்னும் உரையாடல் நூலில், தக்க விளக்கத்தோடு கூடிய மெய்யான நம்பிக்கையே அறிவு என்னும் கருத்தை எடுத்து ஆராய்கிறார். ஆராய்ந்தவர் அதையும் ஏற்காமல் நூலை முடித்துவிடுகிறார் என்பது வேறு செய்தி. இங்கிலாந்தின் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நின்றுபோன கடிகாரத்தை எடுத்துக்காட்டாகக் கூறினார். தஞ்சோங் மாலிம் ரயில் நிலையக் கடிகாரம் நேற்று மூன்று மணிக்கு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்று சரியாக மூன்று மணிக்கு அதைப் பார்த்து "மணி மூன்று" என்கிறோம். சொன்னது சரிதான்! ஆனால் அடுத்த ரயிலுக்கும் அந்தக் கடிகாரத்தையே நம்பினால் ரயிலை விட்டுவிடுவோம். 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கக் கட்டுரையில் இத்தகைய எடுத்துக்காட்டுகளை முன்வைத்தார். தத்துவ அறிஞர்கள் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை.

இது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. நம் பெட்டியின் நான்காவது தாளை மறுபடி எடுங்கள். வேலித் தகராற்றுப் பகையில் எழுதப்பட்ட அந்தப் பெயர், தற்செயலாக உண்மையிலேயே கொரில்லாக்களுக்கு உதவியவரின் பெயராகவே இருந்துவிட்டால்? எழுதியது மெய்யாகிவிட்டது, அதிகாரிகளும் நம்பினார்கள், ஆள் அகப்பட்டார். அப்போது "பார்த்தீர்களா, இந்த முறை பலித்தது!" என்று சொல்லத் தோன்றும். அது நின்ற கடிகாரம் காட்டிய மூன்று மணி. அடுத்த ஊரில், அடுத்த தாளில், அதே முறை ஒரு நிரபராதியைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, உரை. நம் அறிவில் மிகப் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டது. எல்லார் சொல்லும் உரையளவை ஆகாது. பொருளை நேரே அறிந்தவனும் பொய்யுரைக்கக் காரணம் இல்லாதவனுமாகிய 'ஆப்தன்' சொல்லே ஏற்கத்தக்கது என்று தருக்க நூலோர் விதித்தனர். சொன்னவன் யார் என்று பார் என்பது இதன் கருத்து. திருவள்ளுவரோ அறிவுடைமை அதிகாரத்தில், சொன்னவர் யாராயினும் சொல்லப்பட்ட பொருளின் மெய்ம்மையைப் பார் என்னும் கருத்தை வலியுறுத்துகிறார். இரண்டும் முரண் அல்லவா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. பொருளை நாமே சோதிக்க முடிந்த இடத்தில் வள்ளுவர் வழி. முடியாத இடத்தில் ஆளைச் சோதிக்க வேண்டும். தஞ்சோங் மாலிம் தாளின் இக்கட்டே இதுதான். பெயர் இல்லாததால் எழுதியவருக்கு அச்சம் நீங்கியது. காட்டிலிருந்து வருவோரின் பழிவாங்கலிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்ததும் மெய்தான். ஆனால் அதே காரணத்தால் ஆளைச் சோதிக்கும் வழி அடைபட்டது. பாரம் முழுவதும் பொருளைச் சோதிப்பதன்மேல் விழுந்தது. அதைச் செய்யாமல் தாளை நம்பினால் அது வெறும் 'ஐதிகம்' ஆகிவிடும்.

ஐதிகம் என்பதும் மணிமேகலை கூறும் பத்தில் ஒன்றுதான். உலகோர் வழிவழியாகச் சொல்வது என்பது பொருள். அதற்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் தெய்வம் உண்டு என்று நம்புவது! தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலர் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வோம். எந்தத் தோட்டத்தில் அப்படியொரு மரம் இல்லை? பாட்டி சொன்னார், பாட்டிக்கு அவர் பாட்டி சொன்னார். முதலில் பார்த்தவர் யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

ஆனால் கேள்வியை எல்லை மீறிக் கொண்டுபோய், "நேரில் காணாத எதையும் ஏற்க மாட்டேன்" என்று யாரேனும் கிளம்பினால், அவரிடம் பிறந்த தேதியைக் கேளுங்கள். நம் பிறப்பின்போது நாம் இருந்தோம்; ஆயினும் நாம் அதற்குச் சாட்சி அல்லர். தாய் சொன்னதும், மருத்துவச்சி சொன்னதும், பதிவேட்டில் எழுதியதும்தான் ஆதாரம். எல்லாமே உரை.

இந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய செய்தி என்பதைத் தோட்டத் தமிழர் நன்கு அறிவார்கள். அடையாள அட்டை வழங்கப்பட்டதே அந்த அவசரகாலத்தில், 1948இல்தான். பின்னாளில் நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு என்று ஆயிற்று. தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே விடப்பட்டு, சிவப்பு அட்டையோடு முதுமையடைந்தவர்கள் பலர். அப்படிப்பட்ட மூதாட்டி ஒருவர் அரசாங்க அலுவலகத்தின் முன் நிற்பதாக எண்ணிப் பார்ப்போம். "நான் இங்கேதான் பிறந்தேன்" என்கிறார். அது உண்மை. அவருக்கு அதில் ஐயமும் இல்லை. தாயிடமிருந்து நேரே கேட்ட சொல். தாயைவிட ஆப்தர் யார்? முகப்பிலிருக்கும் எழுத்தரும் பொல்லாதவர் அல்லர். இவர் முகத்தைப் பார்த்து நம்பவும் செய்கிறார். ஆனால் அவர் வேலைக்குத் தம் நம்பிக்கை போதாது. ஒரு தாள் வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்துப் பழைய பதிவேடு எங்கே போயிற்றென்று சொல்வாரில்லை.

1952இல் பெயரில்லாத ஒரு தாள், ஆளில்லாமலே நம்பப்பட்டது. இங்கே ஆள் நேரில் நிற்கிறார், பெயர் சொல்கிறார், ஊர் சொல்கிறார், எந்த நிரையில் பால் வெட்டினார் என்பதையும் சொல்கிறார். தாள்தான் இல்லை. எழுத்தர் மீண்டும் கேட்கிறார்: "பாட்டி, வேறு ஏதாவது இருக்கிறதா?"