சுரங்கவழிகள்: மலைக்காடு காக்கும் மரபுடைமை

மலையில் ஒரு வழியின் வடிவை நிலத்தின் சரிவு, செல்லும் சுமை, அதனை நகர்த்தும் ஆற்றல் ஆகிய மூன்றும் வரையறுக்கின்றன. வெள்ளி, செம்பு, ஈயம் முதலியவற்றைத் தன்னுட் கொண்ட கல்லை மாழைக்கல் எனலாம். அதனை அகழ்ந்து உருக்கும் தொழிலுக்கெனத் தோன்றியவையே சுரங்கவழிகள். மாழைக்கல், கரி, நீர் ஆகியவற்றின் இயல்பு வேறாதலின், அவை சென்ற வழிகளும் மூவகைப்படும்.

இம்மூன்றையும் ஒருங்கே காட்டுவது செருமனியின் ஆர்ட்சு மலைக்காடு. அங்குக் கோசுலார் ஊரை அடுத்துள்ள இராம்மெல்சுபெர்க்குச் சுரங்கம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாழை ஈந்து 1988-இல் மூடப்பட்டது.

முதல்வகை பள்ளவழி. மாழைக்கல் ஏற்றிய சுமைவண்டியின் உருளிகள் தரையை நொறுக்க, நொறுங்கிய மண்ணை மழைநீர் அரித்துச் செல்ல, தடம் மேன்மேலும் தாழ்ந்தது. வண்டி செல்லவியலாத நிலையில் அருகே புதுத்தடம் பிறந்தது. ஆகவே, இணையாகக் கிடக்கும் பள்ளங்கள் பலவும் ஒரே வழியின் அடுத்தடுத்த தலைமுறைகளாகும்.

இரண்டாம்வகை கரிவழி. விறகு கரியாகுங்கால் அதன் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே மரம் வெட்டிய காட்டிலேயே கரி சுடப்பட்டது. அதற்கெனச் சரிவில் வெட்டிச் செப்பனிட்ட வட்டத்தளங்களாகிய கரிமேடைகளிலிருந்து உலைக்களம் நோக்கி இவ்வழிகள் இறங்கின. காடும் ஓடையும் செறிந்த பள்ளத்தாக்குகளிலேயே உலைகள் அமைந்தமையால், மாழைக்கல்லும் அவற்றை நாடிச் சென்றது.

மூன்றாம்வகை நீர்வழி. சுரங்கத்துள் ஊறும் நீரை வெளியேற்றும் பொறிகளை இயக்கியதும் நீரே. 1722-இல் நிறைவுற்ற ஓடர் தேக்கம் போன்றவற்றிலிருந்து, மலைச்சரிவைச் சுற்றி மிகச் சிறு சாய்வில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அவற்றைக் காத்தோர் நடந்த கரைத்தடங்களில் இன்று மலையுலா வருவோர் நடக்கின்றனர். யுனெசுகோ 1992-இல் இராம்மெல்சுபெர்க்கையும் கோசுலாரையும் உலக மரபுடைமையாக ஏற்றது. 2010-இல், இத்தகைய தேக்கங்களும் வாய்க்கால்களும் அடங்கிய மேல் ஆர்ட்சின் நீராள்கை அமைப்பையும் அதனுடன் சேர்த்தது.

உழுநிலம் பழந்தடங்களை அழிக்கும். காடோ இலைச்சருகாலும் வேராலும் மண்ணைப் பிணித்து அவற்றைக் காக்கும். மரச்செறிவின் இடைவெளிகளில் ஊடுருவும் சீரொளி (லேசர்) அளவீடு, கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்களையும் இன்று வரைந்து காட்டுகிறது. எனினும் தனித்த பள்ளமோ தனித்த மேடையோ தொழிலின் வரலாற்றை முழுதும் உணர்த்தாது. எங்கிருந்து எது எவ்விடம் சென்றது என்பதை அவற்றின் இணைப்பே உரைக்கும். ஆதலின், வனப்புமிக்க ஒரு சுரங்கவாயிலை மட்டும் காத்தல் போதாது. கல்லையும் கரியையும் நீரையும் சேர்த்த வழிப்பின்னல் முழுவதையும் காத்தலே மரபுடைமை காக்கும் நெறியாகும்.