கிளைக்கால் வெப்பச் சுற்றும் அதன் பம்பும்

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் மாடிகளின்மேல் காணப்படும் சூரிய வெந்நீர்க் கருவிகளுள் பெரும்பாலானவற்றிற்குப் பம்பு தேவையில்லை. வெயில் படும் ஏற்பியில் சூடேறிய நீர் இலேசாகி, உயரத்திலுள்ள தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கனத்தினால் கீழிறங்குகிறது. தொட்டி ஏற்பிக்குக் கீழே அமைந்தால் இவ்வியற்கை ஓட்டம் நிகழாது. பெரிய விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இதன்பொருட்டே பம்பு பொருத்தப்படுகிறது.

பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் நிலவிய 7.8 பாகை சென்டிகிரேடு ஆகும். ஆகவே அங்குக் குழாய்நீர் உறைவதில்லை. லடாக்கிலுள்ள லே நகரிலோ குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகுவாகக் கீழே செல்கிறது. உறையும் நீர் பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். எனவே இத்தகைய இடங்களில் நீரும் கிளைக்காலும் கலந்த திரவம் மூடிய சுற்றில் ஓடி, சுருட்குழாய் வழியே தொட்டி நீருக்கு வெப்பத்தை அளிக்கிறது.

தூய எதிலீன் கிளைக்கால் ஏறத்தாழ கழித்தல் 13 பாகையிலேயே உறைகிறது. நீருடன் சரிபாதியாகக் கலந்தால் உறைநிலை கழித்தல் 37 பாகை அளவிற்குத் தாழ்கிறது. ஆனால் இக்கலவையின் வெப்ப ஏற்புத்திறன் நீருடையதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. 20 பாகையில் பாகுநிலையோ சுமார் நான்கு மடங்கு. ஆகவே பம்பின் வேலை மிகுகிறது. எதிலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது; குடிநீர், குளியல்நீர்த் தொட்டிகளுக்குப் புரோபிலீன் கிளைக்காலே ஏற்றது.

சிறு பம்புகளில் சுழலி திரவத்திலேயே மூழ்கிச் சுழல்கிறது. அத்திரவமே தாங்கிகளுக்கு மசகாகும். எனவே திரவமின்றிப் பம்பை ஓட்டலாகாது. அதன் அச்சு கிடைமட்டமாக இருத்தல் வேண்டும்.

வெப்பம் குறைந்தவுடன் பம்பைக் கழற்றுதல் முறையன்று. பின்வரும் வரிசையில் ஆராய்க.

1. பம்பு ஓசையின்றி நின்றால் மின்சாரம், உருகி, வெப்ப உணரி ஆகியவற்றைச் சோதிக்க. இவை சரியாயிருந்தால் மின் இணைப்பை நீக்கி, திரவம் ஆறிய பின், இருபுற வால்வுகளையும் மூடி, அச்சு இறுகியுள்ளதா எனப் பார்க்க.

2. சலசலவென்ற ஓசை கேட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கும். மேல்முனைக் காற்றுப்போக்கி வழியே அதனை வெளியேற்றி, அழுத்தமானியைக் காண்க. அழுத்தம் மீண்டும் மீண்டும் குறைந்தால் கசிவையோ விரிவுக்கலத்தின் பழுதையோ தேடுக.

3. பம்பு ஓடியும் வெப்பம் வராவிடில், வடிகட்டியில் அடைப்பு உள்ளதா, வால்வு மூடியுள்ளதா எனக் காண்க.

4. மாலையில் சூடாயிருந்த தொட்டி காலையில் வழக்கத்திற்கு மேல் ஆறியிருந்தால், பின்னோட்டத் தடை வால்வைச் சோதிக்க. அல்சூர் மாடிகளில் வெந்நீரை மேலேற்றும் அதே விதி, கீழ்த்தொட்டியின் வெப்பத்தை இரவில் குளிர்ந்த ஏற்பிக்குக் கொண்டு சென்று வீணாக்கும்.

ஆண்டுதோறும் குளிர்காலத்திற்கு முன்னர் கலவையின் செறிவை ஒளிவிலகல்மானியால் அளத்தல் வேண்டும். மிகைவெப்பத்தால் கிளைக்கால் சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். நிறம் கறுத்து, கருகிய வாடை வீசினால் திரவத்தை மாற்றுதல் நன்று. குறைந்த அளவினை ஈடுசெய்ய வெறும் நீரை ஊற்றுவோர் உளர். அதனால் அழுத்தமானி சரியாகக் காட்டும். பம்பும் அமைதியாக ஓடும். ஆயின் கலவை நீர்த்துப்போய், கடுங்குளிர் இரவொன்றில் குழாய்கள் பிளக்கும். ஆதலின் வாலை நீரில் உரிய செறிவில் முன்கூட்டிக் கலந்த திரவத்தையே சேர்த்தல் வேண்டும்.