விதை நெல்லும் ஏழைக் குடியானவனும்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ம் வருஷம் ஆரம்பமான நெல் திருவிழாவை நம் நேயர்கள் அறிவார்கள். இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்லும் குடியானவன் மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே அங்கு நிபந்தனை. 2018-ல் காலஞ்சென்ற நெல் ஜெயராமன் இவ்விதமே 150-க்கு மேற்பட்ட பழைய ரகங்களை மீட்டு வயலுக்குக் கொண்டுவந்தார்.

1966-ல் ஐ. ஆர். 8 வெளிவந்த பிறகு நமது பழைய நெல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அன்று தேசத்தில் அன்னத்துக்கே பஞ்சம். ஆகையால் புது விதையை நாடியவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானமும், கடலோர உவர்நிலத்தில் விளையும் குழியடிச்சானும் போய்விட்டால், வேண்டும்போது அவற்றை எங்கே தேடுவது? டில்லியில் குளிர் அறையில் விதையைக் காப்பது அவசியமே. ஆனால் மண்ணோடும் மழையோடும் பழகி மாறிவருவது வயலிலுள்ள விதை மாத்திரமே.

சட்டம் குடியானவனுக்கு விரோதமாக இல்லை. 2001-ம் வருஷத்துச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், விற்கவும் அவனுக்கு உரிமை அளிக்கிறது; பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையிட்டு விற்பது மட்டுமே விலக்கு. (இப்பிரிவு இருந்தும் 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட நால்வர்மீது பெப்ஸி கம்பெனியார் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கோரி வழக்காடத் துணிந்தனர், பொதுஜன கண்டனம் கிளம்பவே அவ்வருஷமே வாபஸ் பெற்றனர்.) ரகங்களைக் காக்கும் குடியானவருக்கு உதவ ஜீன் நிதி ஒன்றும் அதே சட்டத்தில் உண்டு. அதிலிருந்து சிலருக்குப் பரிசும் பத்திரமும் கிடைக்கின்றன.

மூன்று மா நிலமுடையவனுக்குப் பரிசு எதற்கு? அவனுக்கு வேண்டியது விலை. பழைய ரகத்தில் வைக்கோல் அதிகம், நெல் குறைவு. ஆறு மாதம் காத்திருக்க வேண்டியவையும் உண்டு. கொள்முதல் நிலையமோ சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு பெயர்களையே அறியும். தேசத்தின் சொத்தைக் காப்பதால் வரும் நஷ்டத்தை ஏழை ஒருவனே சுமப்பது எந்த நியாயம்?

நெல் ஜெயராமன் பெயரால் 2021-ல் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய இயக்கம் விதையை மலிவாகத் தருகிறது, அதை வரவேற்கிறோம். விளைந்த நெல்லையும் சர்க்காரே தனி விலைக்கு வாங்கிச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்பட்டும். சம்பா நாற்றங்காலுக்கு ஆடியிலேயே நிலம் தயாராகிவிடும். விலை அறிவிப்பு அதற்கு முன் வரவேண்டும்.