போவிஸ் கோட்டைக்குச் செல்வோர் சிந்தனைக்கு

சீமையில் பர்மிங்காம் நகரிலே வாசித்துவரும் நம் தேசத்து வாலிபர் ஒருவர் தம் தந்தையாருக்கு எழுதிய கடிதத்தை அப்பெரியவர் நம்மிடம் காட்டினார். வரும் விடுமுறையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டைக்குச் சென்று, அங்குள்ள கிளைவ் காட்சிசாலையைப் பார்த்துவர உத்தேசித்திருக்கின்றனராம். நால்வருள் ஒருவர் மட்டும் வர மறுக்கிறார். "நம் வீட்டிலிருந்து எடுத்துப்போன சாமான்களைப் பார்க்க, எடுத்துப்போனவர் வாசலிலே காசு கொடுத்துக் காத்து நிற்பதா?" என்பது அவருடைய வாதம். மற்ற மூவருக்கும் அதற்குத் தக்க விடை தோன்றவில்லை. தந்தையார் நமது அபிப்பிராயத்தைக் கேட்டார். இக்கேள்வி அந்நால்வருக்கு மாத்திரம் உரியதன்று. ஆதலின் விடையை இவ்விடத்திலேயே எழுதுகிறோம்.

போகவே வேண்டும் என்பது நமது துணிபு. ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிறவன் போவது ஒருவிதம். கணக்குப் பார்க்கப் போகிறவன் போவது மற்றொரு விதம். நம்மவர் இரண்டாவது விதமாகப் போகவேண்டும். கணக்குப் பார்ப்பவன் முதலில் பேரேட்டைப் படித்துக்கொண்டு போவான்.

போவிஸ் கோட்டை வெல்ஷ்பூல் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பாறைமேட்டின்மீது செந்நிறக் கல்லாற் கட்டப்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை எழுப்பியவன் கிரிபித் என்னும் வேல்ஸ் சிற்றரசன். தன் இனத்துப் பேரரசனுக்கு விரோதமாக இங்கிலாந்து மன்னனோடு சேர்ந்துகொண்டு தன் நிலத்தைக் காத்துக்கொண்டவன் அவன். நம் பாளையங்களின் சரித்திரம் அறிந்தவர்க்கு இக்கதை புதிதாயிராது. 1587-ல் கோட்டை ஹெர்பர்ட் என்னும் குடும்பத்தாருக்குக் கிரயமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாறையைத் தகர்த்து அடுக்கடுக்காக அமைக்கப்பட்ட தோட்டம் இன்றும் ஐரோப்பிய யாத்திரிகர்களை இழுத்து வருகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். பிளாஸியில் போர் செய்த ராபர்ட் கிளைவின் மாளிகை இதுவென்று நம்மவரிற் பலர் நினைக்கின்றனர். அவர் 1774-லேயே இறந்துவிட்டார். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1784-ல் ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண்ணாகிய ஹென்ரியெட்டாவை மணந்தார். அப்பெண்ணின் சகோதரர் சந்ததியின்றி 1801-ல் இறந்ததனால் கோட்டையும் நிலங்களும் அவள் வழியே கிளைவ் வம்சத்தாரை அடைந்தன. எட்வர்டுக்கும் 1804-ல் போவிஸ் பிரபு என்னும் பட்டம் கிடைத்தது. தந்தை சேர்த்த இந்தியப் பொருள்களும், மகனும் மருமகளும் சேர்த்த பொருள்களும் இவ்வாறு ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

தமிழர்கள் நினைவில் வைக்கவேண்டியவர் தந்தையைவிட மகனே எனலாம். எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னராயிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு ஸுல்தான் மடிந்தது 1799 மே 4-ல். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது அதே வருஷம் அக்டோபரில். கர்நாடகத்தின் ஆட்சி உடன்படிக்கை என்ற பெயரால் கம்பெனியார் கைக்கு மாறியது 1801 ஜூலை 31-ல். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது அவ்வருஷம் அக்டோபர் 24-ல். இவையனைத்தும் ஒரே கவர்னருடைய ஐந்து வருஷத்திற்குள் நடந்தவை. இத்தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அக்காட்சிசாலைக்குள் நுழையுமாறு வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

காட்சிசாலை 1987-ல் திறக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கீழ்நாட்டுப் பொருள்கள் அதிலுள்ளன. திப்புவின் சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த கைப்பிடி வேலியில் பொருந்தியிருந்த பொற்புலித் தலைகளுள் ஒன்று, ரத்தினங்கள் இழைத்தபடி அங்கே இருக்கிறது. அச்சிம்மாசனத்தை முழுமையாக வைத்திருக்கக் கவர்னர் ஜெனரல் விரும்பியும், கொள்ளைப் பொருளைப் பங்கிட்ட உத்தியோகஸ்தர்கள் அதற்குள் அதை உடைத்துத் துண்டு போட்டுவிட்டனர். அதன் துண்டுகள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறின. பெரிய புலித்தலை வின்ட்ஸர் அரண்மனையில் இருக்கிறது. பூ வேலை செய்த சீட்டித்துணியாலான ஸுல்தானுடைய கூடாரமும் போவிஸில் உண்டு. பிற்காலத்தில் அக்குடும்பத்தார் அதனைத் தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாக உபயோகித்தனர் என்பர். தங்கத்தைக் காட்டிலும் அத்துணியின்முன் சற்று அதிக நேரம் நிற்கலாம். அது நம் நாட்டுப் பருத்தி. நம் தொழிலாளர் கைவண்ணம்.

1765-ல் மொகலாயப் பாதுஷா ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையைக் கிளைவுக்கு அளித்ததைக் காட்டும் பெரிய சித்திரமொன்றும் இக்கோட்டையில் இருக்கிறது. தீட்டியவர் பெஞ்சமின் வெஸ்ட். அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். கிளைவின் கூடாரத்திலே நடந்த காரியத்தை, பெரிய தர்பாரில் பாதுஷா மனமுவந்து தானம் செய்வதுபோல் தீட்டிவிட்டார். பலவந்தத்தைத் தானமாகக் காட்டுவது எப்படி என்பதை இச்சித்திரத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இனி, வக்கீல் தொழில் செய்தவர் என்ற முறையில் ஒன்று கூறுகிறோம். "எல்லாம் கொள்ளை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது வழக்குக்குப் பலம் தராது. அக்காட்சிசாலையிலுள்ளவற்றிற் சில விலைக்கு வாங்கப்பட்டவை. சில வெகுமதியாக வந்தவை. சில, நகரம் பிடிபட்டபின் அள்ளிப் பங்கிடப்பட்டவை. வெகுமதி என்பதிலும், பட்டாளம் வாசலில் நிற்கும்போது கொடுத்த வெகுமதி எத்தகையது என்ற கேள்வி எழும். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, "இஃது யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்தப் பாத்தியதையில் வந்தது?" என்று கேளுங்கள். அருகிலுள்ள விவரச் சீட்டு விடை சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிடில் நிர்வாகத்தாருக்கு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். கோட்டையை 1952 முதல் பராமரித்துவரும் நாஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம், தன் வசமுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் இருந்த தொடர்பை 2020-ல் தானே அறிக்கையாக வெளியிட்டது. அதற்காக அந்நாட்டிலேயே பலருடைய வசையையும் கேட்டது. கதவு சிறிது திறந்திருக்கிறது, தட்டுகிறவர்கள் நம்மவராயிருக்கட்டும்.

நாமும் நேர்மையாயிருத்தல் வேண்டும். திப்புவைப்பற்றிக் குடகிலும் மலையாளத்திலும் வேறுவித நினைவுகள் உண்டு. பிறர் சரித்திரத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லும் நாம் நமக்கு வசதியானதை மட்டும் படிப்பது முறையன்று.

வாசலில் கொடுக்கும் காசைப்பற்றி மறுத்த நண்பருக்குச் சொல்வது இதுவே. கோர்ட்டில் தஸ்தாவேஜின் நகல் வாங்கவும் கட்டணம் கட்டுகிறோம். அதனால் எதிர்க்கட்சிக்காரனுடைய பாத்தியதையை ஒப்புக்கொண்டதாகாது. பாராமலிருந்தால் மானம் காக்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால் சாட்சி சொல்ல ஆளில்லாமற் போகும்.

பிரயாண விவரம் எளிது. பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக வெல்ஷ்பூலுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரம், மேட்டு நடை. மழைக்குத் தக்க ஆயத்தம் வேண்டும். பருவத்திற்குத் தக்கபடி நேரங்கள் மாறுமாதலால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. காலையில் காட்சிசாலையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது உத்தமம். தோட்டத்தின் அழகில் முதலில் மயங்கினால் கணக்குப் பார்க்கும் புத்தி தளர்ந்துவிடும்.

இங்கிருந்து செல்வோர்க்கு மற்றொரு வேண்டுகோள். சீமைக்குக் கப்பலோ விமானமோ ஏறுமுன், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகையைப் பாருங்கள். காஞ்சீபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780-ல் கம்பெனிப் படை தோற்றோடிய காட்சி அதன் சுவரிலே தீட்டப்பட்டிருக்கிறது. சென்னை அரசினர் தோட்டத்திலுள்ள ராஜாஜி மண்டபத்தையும் பாருங்கள். பிளாஸி வெற்றியையும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியையும் கொண்டாட இதே எட்வர்ட் கிளைவ் கட்டி, 1802-ல் திறந்த விருந்து மண்டபம் அது. அதன் வாயிலைத் தினந்தோறும் கடந்து செல்வோரில் எத்தனை பேர் இதை அறிவர்? நம் ஊரிலேயே நிற்கும் சாட்சியை நாம் விசாரிக்காமல், ஏழு கடலுக்கப்பால் உள்ள சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எங்ஙனம்?

ஆகவே, பெரியவரே, தங்கள் குமாரருக்கு நால்வரும் சேர்ந்தே போகும்படி எழுதுங்கள். குறிப்புப் புத்தகமொன்றும் உடன் கொண்டு போகட்டும். திரும்பியபின், ஒவ்வொரு சீட்டிலும் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதாமல் விட்டிருந்தது என்பதை நமக்கு அனுப்பினால், இதே பக்கத்தில் மகிழ்ச்சியுடன் பிரசுரிப்போம்.